முதலில் மீட்டர், அப்புறம் சோலார்

பாலக்கோடு வட்டத்தில், காட்டை ஒட்டிய ஒரு கொட்டாயில் (சிற்றூரில்) இருந்து வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவர் நாற்பதைத் தாண்டிய பெண். பதினான்கு பேர் கொண்ட மகளிர் குழுவின் ஊக்குநர். ஆறு பக்கக் கடிதம். ஆளையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் இவர்கள் குழுவில் விறகுப் புகையைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. மாதம் ஒரு வீடு என்று குழுச் சேமிப்பில் இருந்து கரண்ட் அடுப்பு (இண்டக்ஷன்) வாங்க ஆரம்பித்து, இதுவரை ஒன்பது வீடுகளில் வாங்கிவிட்டார்கள். குண்டு பல்பு ஒரு வீட்டிலும் இல்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் போகிறது. அடுத்தது சோலார் என்று நினைத்திருந்த நேரத்தில் ஒருவர் பைக்கில் வந்திருக்கிறார். "அரசாங்கம் 78,000 தருது, கைக்காசே வேண்டாம், ஆயுசுக்கும் பில் வராது, கரண்ட் போனாலும் ஓடும்" என்று சொல்லி, ஒன்பது பெண்களிடம் ஆளுக்கு 3,000 ரூபாயும் ஆதார் நகலும் வாங்கிப் போயிருக்கிறார். ரசீது என்று கொடுத்தது நோட்டில் கிழித்த ஒரு தாள். இப்போது போன் எடுப்பதில்லை.

இவர் வீட்டு மொட்டை மாடிதான் பெரியது. அதனால் பெரிய செட் ஒன்றை அங்கே போட்டுப் பதினான்கு வீட்டுக்கும் வயர் இழுக்கலாம் என்பது இவர் யோசனை. மேற்கே காட்டோரத்தில் இருக்கும் நான்கு வீடுகளுக்கு மின் இணைப்பே இல்லை. பொங்கலில் இருந்து தன் வீட்டில் இருந்தே அவர்களுக்கு வயர் கொடுத்திருக்கிறார், வீட்டுக்கு மாதம் 150 ரூபாய். அதைப் பார்த்த லைன்மேன், "திருட்டு கரண்ட் கேஸ், ஜெயிலுக்குப் போவீங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். இவர் வீட்டு சர்வீஸ், அதாவது மின் இணைப்பு, இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றக் கொழுந்தனார் கையெழுத்துப் போட மறுக்கிறார். பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிடும் என்று கணவர் பயப்படுகிறார். "நல்லது செய்யப் போய் மாட்டிக்கிட்டேனா சார்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் கேள்விகளை நான் தலைகீழாக எடுத்துக்கொள்கிறேன். சோலாரைப் பற்றி மூன்று பக்கமும், அந்த நான்கு வீட்டு வயரைப் பற்றி நான்கு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் அந்த நான்கு வரிதான்.

அந்த வயரை இந்த வாரமே கழற்றுங்கள்

லைன்மேன் சொன்னது பாதி தவறு, பாதி சரி. உங்கள் மீட்டர் வழியாகத்தான் அந்தக் கரண்ட் போகிறது, பில்லும் நீங்கள் கட்டுகிறீர்கள். எனவே இது திருட்டு இல்லை. மின்சாரச் சட்டம் 2003-இல் திருட்டு பிரிவு 135. அதற்கு நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும், கொக்கி போடுவது, மீட்டரில் கை வைப்பது போன்ற செயல் இருக்க வேண்டும். உங்களுடையது அதற்குள் வராது.

ஆனால் பிரிவு 126 என்று ஒன்று இருக்கிறது. எந்த இடத்துக்கென்று இணைப்பு கொடுக்கப்பட்டதோ அதைவிட்டு வேறு இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது அங்கீகாரமற்ற பயன்பாடு. இதற்கு இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். எப்போதில் இருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடலாம். நான்கு வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் அந்தத் தொகை மலைக்க வைப்பதாக இருக்காது. இதில் மோசம் அந்த 150 ரூபாய். காசு வாங்கி இன்னொருவருக்கு மின்சாரம் கொடுப்பது விநியோகம். உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்கிறது பிரிவு 12. நீங்கள் பில்லைப் பகிர்ந்துகொள்ளத்தான் வாங்கினீர்கள், தெரியும். அதிகாரி முன் உட்காரும்போது அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

சட்டத்தை விடுங்கள். காட்டோரத்தில், மரத்துக்கு மரம் தொங்கும் வயர். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் வட்டம்தான். உங்கள் வயர் வேலி இல்லை. ஆனால் காற்றடித்து அறுந்து ஈர மண்ணில் விழுந்தால் யானைக்கும் அதே கதி, காலையில் ஆடு ஓட்டிப் போகும் பிள்ளைக்கும் அதே கதி. அப்போது வரும் வழக்கு 126 அல்ல.

அந்த நான்கு வீட்டுக்கும் உரிமை உண்டு

"பட்டா இல்லை, அதனால் கரண்ட் கிடைக்காது" என்று அவர்களே முடிவு கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மின்வாரியத்தில் போய்க் கேட்டார்களா என்றால், கேட்கவே இல்லை! சட்டத்தின் பிரிவு 43, உரிமையாளர் கேட்டாலும் சரி, குடியிருப்பவர் கேட்டாலும் சரி, விண்ணப்பம் வந்த ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. புதிதாகக் கம்பம் நட்டு லைன் இழுக்க வேண்டியிருந்தால் கூடுதல் அவகாசம் உண்டு. காரணமில்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. மின்சாரம் அடிப்படை வசதி, இணைப்பு கேட்பவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதைத்தான் மின்வாரியம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதத் தீர்ப்பு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அது வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையில் வந்த வழக்கு. ஆனாலும் அந்த வரி உங்கள் நால்வருக்கும் உதவும்.

இதில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த வீடுகள் இருப்பது வருவாய்த்துறைப் புறம்போக்கா, வனத்துறை நிலமா என்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டால் தெரிந்துவிடும். புறம்போக்கு என்றால் குடும்ப அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது ஏதாவது இருந்தால் அது, இவற்றோடு விண்ணப்பியுங்கள். இணைப்பு தருவதாலேயே நிலத்தில் உரிமை வராது என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். தாராளமாக எழுதிக் கொடுக்கலாம், அதனால் எதுவும் குறைந்துவிடாது. விண்ணப்பத்தை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதக் கணக்கு அந்த ஒப்புகைத் தேதியில் இருந்துதான் ஓடும்.

வன நிலம் என்றால் வழி வேறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2), காட்டில் குடியிருப்பவர்களுக்கான பள்ளி, சாலை, மின் கம்பி போன்ற வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஒரு வசதிக்கு ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். கடைசி நிபந்தனைதான் உங்கள் குழுவுக்கு வேலை. நீங்கள் பதினான்கு பேரும் கிராம சபைக்குப் போய் அதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். "மின்வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது மனு மாதிரி ஆகிவிடும். பிரிவு எண், வீடுகளின் எண்ணிக்கை, லைன் வர வேண்டிய தூரம் மூன்றும் தீர்மானத்தில் இருக்கட்டும்.

இது முடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்த வீடுகளை இருட்டில் விடச் சொல்லவில்லை. சின்னத் தகடு, பேட்டரி, இரண்டு மூன்று விளக்கு உள்ள தனி சோலார் செட்டை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். பேட்டரி சில வருடங்களில் போகும், மாற்றக் காசு வேண்டும். அந்த 150 ரூபாயை இனி உங்களிடம் தராமல் பேட்டரிக்கென்று அவர்களே சேர்த்து வைக்கட்டும்.

பைக்கில் வந்தவரும் 78,000 ரூபாயும்

அவர் சொன்னதில் உண்மையும் கலந்திருக்கிறது, அதனால்தான் நம்பியிருக்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். ஆனால் மூன்று கிலோவாட் செட்டின் விலை ஏறக்குறைய இரண்டு லட்சம். மானியம் வருவது எல்லாம் மாட்டி, ஆய்வு முடிந்து, மீட்டரும் மாற்றிய பிறகு, உங்கள் வங்கிக் கணக்குக்கு. விண்ணப்பத்தை அரசின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணை வைத்து நீங்களே போடலாம். பதிவு பெற்ற விற்பனையாளர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு "மானியம் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்ல எவருக்கும் வேலை இல்லை.

"கரண்ட் போனாலும் ஓடும்" என்பது பச்சைப் பொய். பேட்டரி இல்லாமல் லைனோடு இணைக்கும் சோலார், லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் உங்கள் மாடியில் இருந்து மின்சாரம் பாயும்.

பணத்தை மீட்க: ஒன்பது பேரும் தனித்தனியாகக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். மோசடிக்கு, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318. நோட்டுத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அவர் கையெழுத்து, தேதி, தொகை இருந்தால் அது நல்ல சாட்சியம். அவர் ஏதாவது நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் தர்மபுரி நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. 3,000 ரூபாய்க்கு யார் அலைவது என்று சிலர் ஒதுங்குவார்கள். ஆதார் நகலும் அவர் கையில் இருப்பதை ஞாபகப்படுத்துங்கள். தங்கள் பெயரில் கடன் ஏதும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று அவரவர் வங்கியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கொழுந்தனாரின் கையெழுத்து

அவர் பயம் புரிகிறது. அண்ணன் பெயருக்கு சர்வீஸ் மாறினால் வீடே அண்ணனுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தர்மபுரி கோர்ட்டில் கரண்ட் பில்லைக் காட்டியே சொத்தைத் தன்னுடையது என்று வாதாட வந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கரண்ட் பில் சொத்துப் பத்திரம் இல்லை. யார் பெயரில் சர்வீஸ் இருந்தாலும் உங்கள் மாமனாரின் சொத்தில் மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், காரிமங்கலத்தில் கட்டிக் கொடுத்த நாத்தனார் நால்வருக்கும் உள்ள பங்கு அப்படியேதான் இருக்கும். நாத்தனாரை நீங்கள் கடிதத்தில் வாரிசாகவே எண்ணவில்லை. அவர் சம்மதமும் வேண்டும்.

என் யோசனை, சர்வீஸை மாமியார் பெயருக்கு மாற்றுங்கள். அம்மா பெயருக்கு என்றால் மகன்கள் இருவருக்கும் கசப்பிருக்காது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, மற்ற மூவரின் சம்மதத்தோடு விண்ணப்பித்தால் போதும். கொழுந்தனார் அதற்கும் மறுத்தால் அப்போது சட்டம் பேசலாம், இப்போதே வேண்டாம். உங்களுக்குத் தனிக் கதவு, தனிச் சமையலறை இருந்து வீடு சுவரால் பிரிந்திருந்தால் தனி இணைப்பே கேட்கலாம். நூறு யூனிட் இலவசத்தை இரண்டு முறை வாங்குவதற்காகப் பெயருக்குப் பிரிப்பதை மட்டும் செய்யாதீர்கள், பார்த்தால் ஒன்றாக்கிவிடுவார்கள்.

பிரிக்காத மாடியில் சோலார் போடுவதென்றால் நால்வரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். தகடு இருபத்தைந்து வருடம் அங்கே உட்காரும் பொருள். நாளை பாகப்பிரிவினை வரும்போது மாடி யார் பங்கு என்ற சண்டையில் அதுவும் சேரும்.

சரி, சோலார் வேண்டுமா?

இது என் தொழிலுக்குக் கொஞ்சம் வெளியே. ஆனால் கணக்குப் போடத் தெரிந்தால் போதும். நீங்கள் அனுப்பிய மின் அட்டை நகலில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் ஓடியிருக்கிறது. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலைக் கரண்ட் அடுப்பில் செய்ய ஏறக்குறைய 120 யூனிட் ஆகும். மொத்தச் சமையலையும் மாற்றினாலும் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட்டுக்குள் நிற்பீர்கள். 2025-ஆம் ஆண்டுக் கட்டணப்படி முதல் நூறு இலவசம், அடுத்த நூறு பாதிக் கட்டணம், மேலே உள்ளது யூனிட் ஐந்து ரூபாய்க்குள். பில் 600 ரூபாய் அளவில் வரும், சிலிண்டரை மிச்சம் பிடிக்கிறீர்கள். உங்கள் கணவர் பயப்படும் ஐந்நூறு யூனிட் வெகு தூரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் கட்டணம் எட்டு ரூபாய்க்கு மேல் ஏறும் என்பதும், அடுத்த நூறுக்குக் கிடைக்கும் பாதிக் கட்டணச் சலுகை போகும் என்பதும் உண்மைதான், அந்த அளவில் அவர் பயம் சரி.

இப்போது மூன்று கிலோவாட் போடுங்கள். மானியம் போகக் கையில் இருந்து ஒரு லட்சத்துக்கு மேல். பில்லே வராமல் போனால்கூட வருடத்துக்கு 3,600 ரூபாய் மிச்சம். போட்ட காசு திரும்ப முப்பது வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் தகடே கிழடாகிவிடும்! உங்கள் கொட்டாயில் பெரும்பாலான வீடுகளுக்கு இப்போது சோலார் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கிலோவாட் செட் நாளைக்கு நான்கு யூனிட் தரும். ஐந்நூறு யூனிட்டை நெருங்கும் வீடு ஏதாவது இருந்தால் அவர்கள் யோசிக்கலாம். அதற்காகக் குழுவின் பெயரில் கடன் எடுக்காதீர்கள். ஒருத்தி கட்டாமல் விட்டால் பதினான்கு பேரும் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மாடியில் இருந்து பதினான்கு வீட்டுக்கு வயர் என்ற யோசனை, நான்கு வீட்டு வயரின் பெரிய வடிவம்தான். ஊருக்குப் பொதுவான மின் உற்பத்தி நடக்காத காரியமில்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வைத்தது. அங்கே வாங்கியது ஊராட்சி, கடன் ஊராட்சியின் பெயரில், மின்சாரத்தை வாங்கிக்கொண்டது வாரியம். யாருடைய மாமனார் வீட்டு மாடியும் அதில் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய் தரும் திட்டமும் இருக்கிறது. ஐயாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள வருவாய்க் கிராமங்களுக்கு இடையில்தான் அந்தப் போட்டி. உங்கள் கொட்டாய் தனியாக அதில் வராது.

சோலாருக்கென்று வைத்திருக்கும் காசை வயரிங்குக்குச் செலவழியுங்கள். கரண்ட் அடுப்பு முழு வேகத்தில் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். பல்புக்குப் போட்ட பழைய ஒயரில் அதைச் சொருகினால் சுவருக்குள்ளேயே சூடேறும். அடுப்புக்கென்று தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த், கசிவு வந்தால் தானே அணையும் ஆர்சிசிபி. ஒன்பது வீட்டில் அடுப்பு இருக்கிறது, எத்தனை வீட்டில் எர்த் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனை ஒரே நாளில் எல்லா வீட்டையும் பார்க்கச் சொன்னால் கூலி பேசவும் வசதி. இணைப்பில் அனுமதித்த பளு (ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற அளவு) குறைவாக இருந்தால் கூடுதல் பளுவுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடலாம்.

கடைசியாக, மாமியார் கேட்டதாக ஒன்றை ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "இந்த அடுப்புல களி கிண்ட முடியுமா?" காந்தம் ஒட்டும், அடி தட்டையான பாத்திரம்தான் அதில் வேலை செய்யும். மண்சட்டியும் அலுமினியக் குண்டானும் சூடாகவே ஆகாது. தட்டை அடி எவர்சில்வரில் கிண்டலாம், ஆனால் களித் துடுப்பைப் போட்டு அழுத்தினால் அடுப்பின் கண்ணாடி தாங்குமா என்பது அவர் கை பலத்தைப் பொறுத்தது. களிக்கு மட்டும் வெளியே ஒரு விறகடுப்பு இருக்கட்டும், அவரிடம் சண்டை போடாதீர்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துதான் முதலில் வேண்டும்.